சைக்கிள் நின்ற இடம்

பள்ளிக்கூடச் சட்டைகளைத் தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். எல்லாம் புத்தம் புதிய வெள்ளைச் சட்டைகள். கடை மடிப்புக்கூடக் கலையாமல் வந்தவற்றை வாளிக்குள் போட்டு ஒருவன் தடியால் கிண்டிக்கொண்டு நின்றான்.

"ஏன் இப்பிடிச் செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"வன்னிப் பிள்ளையள் எண்டாக் கொஞ்சம் மங்கலா இருந்தாத்தான் தங்கச்சி, பாக்கிற ஆக்கள் நம்புவினம்," என்றார் இயக்குநர் குகதாசன். "எனக்கு எல்லாம் உண்மையா இருக்கவேணும்."

முல்லைத்தீவுக் கரையில், கூரை ஒழுகுகிற வீட்டிலிருந்துதான் ஆக வெள்ளையான சட்டை பள்ளிக்கூடத்துக்கு வரும். தாய்மார் சவர்க்காரம் போட்டு, நீலம் போட்டு, வெயில் பார்த்து உலர்த்தி, கரி அயன்பெட்டியால் மினுக்கி அனுப்புவார்கள். கறி குறைந்தாலும் சட்டையில் கறை இருக்கக் கூடாது. அந்தத் தாய்மாருக்குக் காட்டப்போகிற நாடகத்துக்காகத்தான் இந்த மனிதர் சட்டையை ஊத்தையாக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஜெயரூபி. நாடகமும் அரங்கியலும் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலை தாருங்கள் என்று வீதியில் பதாகை பிடித்து நின்றவர்களில் ஒருத்தி. ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுப் பின்வளவில் யானைக்கு வெடி கொளுத்திப் போடுவதைத் தவிர எனக்கு வேறு அரங்கம் வாய்க்கவில்லை. அதனால், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் ஒன்றாக இருந்து பார்க்கிற மாதிரி ஒரு தொலைக்காட்சி நாடகம், அதற்கு வன்னிப் பேச்சு எழுத ஆள் வேண்டும் என்று கொழும்பிலிருந்து கேட்டபோது துள்ளிக்கொண்டு வந்தேன். நாடகத்தின் பெயர் 'மணியடிக்க முதல்'. நோக்கம் பெரியது. வீட்டில் பிள்ளை வாய் திறப்பதில்லை, பெற்றவர்கள் காது கொடுப்பதில்லை, இந்த நாடகத்தைப் பார்த்தால் இரண்டு பகுதியும் மனம்விட்டுக் கதைக்குமாம்.

வேலை தொடங்கியதும் என் மனம்தான் விட்டுப்போனது. கதாநாயகியாக நடித்த யதுர்ஷிகா கொழும்புப் பிள்ளை. நல்ல குணம், ஆனால் வாயைத் திறந்தால் இந்தியச் சீரியல். "அம்மா, லேட் ஆயிடுச்சு, நான் கிளம்புறேன்" என்பாள். "அம்மா, நேரம் போட்டுது, போட்டு வாறன்" என்று நான் எழுதிக் கொடுத்தால், அதையும் இந்திய இராகத்தில் இழுத்துச் சொல்வாள். காலைச் சாப்பாட்டுக் காட்சியில் மேசையில் பாணும் ஜாமும் வெண்ணெய்க் கத்தியும் இருந்தன. மீன்பிடிக்கிறவன் வீட்டில் வெண்ணெய்க் கத்தி! நான் புட்டையும் சம்பலையும் கொண்டுவந்து வைத்தேன். குகதாசன் கையைத் தட்டி, "பாத்தீங்களா, இதுதான் உண்மை," என்றார். உண்மை, உண்மை என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லைச் சப்பித் துப்பின கரும்புச் சக்கையாக்கிவிட்டார் அவர்.

படப்பிடிப்பு முடியும்வரை கரையோரத்தில் வின்சன் அண்ணை வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வின்சன் அண்ணைக்கு ஒரு சின்ன வள்ளம் இருந்தது. விடியக் கடலிலிருந்து வந்ததும் மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வருவார். அவர் வந்து இறங்கியதும் மகள் டிலுசா அதே சைக்கிளைக் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போவாள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, புளித் தேசிக்காய்த் தோலால், மீன்பெட்டி கட்டுகிற பின்கரியலைத் தேய்தேய் என்று தேய்த்து, பள்ளிக்கூடப் புத்தகங்களை அதில் கட்டிக்கொண்டு புறப்படுவாள். பல்கலைக்கழகம் போக எடுக்கிற உயர்தரச் சோதனைக்கு இருக்கிற பிள்ளை. சோதனை நெருங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான்.

"மீன் மணக்குதோ ரூபியக்கா?" என்று ஒவ்வொரு காலையும் என்னிடம் கேட்பாள்.

"தேசிக்காய்தான் மணக்குது. கெதியாப் போ," என்பேன்.

அந்தச் சைக்கிளை ஊரில் தெரியாத ஆள் கிடையாது. ஆம்பிளைச் சைக்கிள், மீன்பெட்டி வைக்கவென்று ஒட்டு வைத்து அகலமாக்கின கரியல், வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயின்ற்றால் நடுப் பாரில் 'அந்தோனியார் துணை' என்ற எழுத்து. என்னைக் கூட்டிப்போக ஒருநாள் வான் வண்டியில் வந்த குகதாசன் அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். குனிந்து கரியலை மணந்துகூடப் பார்த்தார்.

"இதுதான் எங்கட கதாநாயகின்ர சைக்கிள்," என்றார். "இந்த மணம்கூடக் கமராவில தெரியும்."

டிலுசாவின் தாய் புனிதமக்கா முகம் மலர்ந்துவிட்டாள். "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு நல்லது சொல்லுற நாடகம்தானே ஐயா, கொண்டுபோங்கோ. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தாப் பிறகு எடுங்கோ," என்றாள்.

அப்போது நாடகத்தின் கதை நல்ல கதையாகத்தான் இருந்தது. கதாநாயகி மீன்பிடிக்கிறவர் மகள். சாதாரணதரச் சோதனையோடு படிப்பை நிறுத்தச் சொல்கிறார் தகப்பன். அவள் சண்டை பிடித்து, அழுது, கடைசியில் தகப்பனையே தன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கவைக்கிறாள். அந்தச் சண்டையை நான்தான் எழுதினேன். யதுர்ஷிகா அதைப் பேசியபோது, படம்பிடிப்பதைப் பார்க்கவந்த இரண்டு தகப்பன்மார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஒரு காலையில் புதுப் பக்கங்கள் வந்தன. தொலைக்காட்சிக்காரர் பார்த்துவிட்டு, முதல் பகுதியில் ஆட்களைப் பிடித்து இருத்த ஒன்றும் இல்லை என்றார்களாம். ஆகவே இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, போரில் கூரை போன ஒரு பாழ்வீட்டுக்குள் ஒரு பெடியனைச் சந்திக்கப் போகிறாள். அடுத்த காட்சியில் கிணற்றடியில் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிறாள். அதற்கடுத்து, தாய் ஈர்க்குமாற்றால் அடிக்கிறாள்.

பக்கங்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"சத்தி எடுக்கிற பிள்ளையைத் தவிர உங்களுக்கு வேற பிள்ளையளைத் தெரியாதோ சேர்?"

"ஏன், வன்னியில இது நடக்கேல்லையோ? உண்மையைத்தானே காட்டுறம்."

"நடக்குது. அப்பிடி ஒரு பிள்ளைக்கு என்ன மனவேதனை எண்டு இதில ஒரு வரி இருக்கோ? பாழ்வீடும் ஈர்க்குமாறும்தான் இருக்கு."

"நீங்கள் சின்னப்பிள்ளை. சனம் பாத்தாத்தான் திருந்தும்."

அவரோடு வாதாடி வெல்ல முடியாது என்று தெரிந்தது. ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று இறங்கிவந்தேன்.

"சரி, எடுங்கோ. ஆனா வின்சன் அண்ணையின்ர சைக்கிள் அந்தக் காட்சிக்குள்ள வரக் கூடாது. இஞ்சை சனம் முகத்தைப் பாக்கிறேல்லை சேர், சைக்கிளைத்தான் பாக்கும். வாசலில ஒரு சைக்கிள் நிண்டா, அந்தாள் உள்ளுக்கு எண்டுதான் ஊர் சொல்லும். அந்தச் சைக்கிளைப் பாழ்வீட்டில சாத்தினா, அதுக்குள்ள டிலுசா இருக்கிறாள் எண்டு அர்த்தம். அந்தப் பிள்ளை சோதனைக்கு இருக்குது."

"சீச்சீ, அது வராது. சத்தியமா வராது," என்றார். அடுத்த நாள், வயல் காட்சிக்கு இடம் பார்த்து வரச்சொல்லி என்னை முரசுமோட்டைக்கு வானில் ஏற்றி அனுப்பிவிட்டார். நான் வரம்பு வரம்பாக நடந்து படம் பிடித்துக்கொண்டு திரிந்த அந்த நாளில்தான் பாழ்வீட்டுக் காட்சி எடுத்து முடித்திருக்கிறார்கள். எனக்கு அது, பிறகு ஊருக்குப் படம் காட்டிய அன்றுதான் தெரியவந்தது.

தொலைக்காட்சியில் போகுமுன் முதல் பகுதியை ஊருக்குக் காட்டுவோம் என்று, வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் திரை கட்டினார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம். புனிதமக்கா திருநாளுக்கு உடுத்த சேலையை உடுத்துக்கொண்டு வந்திருந்தாள். டிலுசா தன் சிநேகிதி நிதர்சனாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, சின்னனிலிருந்தே ஒட்டு.

திரையில் சைக்கிள் வந்ததுமே மண்டபம் ஆர்ப்பரித்தது. "எட, வின்சன்ர சைக்கிள்!" என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். டிலுசா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வின்சன் அண்ணை பின்சுவரோரம் நின்று, பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாழ்வீடு வந்தது. சுவரில் சைக்கிள் சாத்தியிருந்தது. நீல எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று கமராவை அதற்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெட்டையின் சிரிப்பு மட்டும் கேட்டது. ஆளைக் காட்டவில்லை. சைக்கிளை மட்டும்தான் காட்டினார்கள்.

மண்டபம் அடங்கிப்போனது. முதலில் ஒரு தலை திரும்பியது, பிறகு வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. திரையில் யதுர்ஷிகா கிணற்றடியில் குனிந்து சத்தியெடுக்க, பெண்கள் டிலுசாவின் வயிற்றைப் பார்த்தார்கள். ஒளிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை, சந்தையில் மீனின் செவுளை விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவ்வளவு காலமும் அவளை ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேத வாசகம் வாசிக்கக் கேட்டவர்கள் அவர்கள். படம் எடுத்தவனைவிட அந்த நேரம் அவர்களைத்தான் எனக்கு அருவருத்தது.

விளக்குப் போட்டதும் குகதாசன் கண்கலங்கி ஒலிவாங்கியைப் பிடித்தார். "எவ்வளவு அமைதி பாத்தீங்களா. எல்லாற்ற மனதையும் தொட்டிட்டுது. இப்ப நாங்கள் பெற்றோரும் பிள்ளையளுமா மனம்விட்டுக் கதைப்பம். ஆராவது கேளுங்கோ."

வின்சன் அண்ணை வீட்டு ஒழுங்கை தெருவில் ஏறுகிற முகப்பில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற கொலின்ஸ் எழும்பினார். நிதர்சனாவின் தகப்பன். பகிடிவிட்டுச் சிரிக்கவைக்கப் பேர்போனவர்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப எத்தினையாம் மாதம்?" என்றார்.

மண்டபம் சிரித்தது. நிதர்சனா தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அது அடுத்த பகுதியில தெரியவரும்," என்றார் சந்தோசமாக. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். டிலுசா அமர்ந்திருந்த கதிரை வெறுமையாக இருந்தது.

அடுத்த நாள் காலை நான் குகதாசன் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காட்சியை வெட்டுங்கோ," என்றேன். "வராது எண்டு சத்தியம் பண்ணினியள்."

"ஒரு சொட்டுத்தானே வந்தது தங்கச்சி. வேற சைக்கிள் வச்சுப் பாத்தம், உயிரில்லை. இண்டைக்குப் பின்னேரம் ரிவியில போகுது, இனி வெட்டேலாது. எல்லாம் கற்பனை எண்டு கீழ எழுத்துப் போடுறம்."

"அந்தப் பிள்ளையைத் தாய் தகப்பன் இனிப் பள்ளிக்கூடம் போகவிடாம மறிக்கப் போகினம். வவுனியாவில தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பக் கதைக்கினம். சோதனை எடுக்காட்டி அவளின்ர படிப்பு இதோட சரி."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் கவலைதான் வரும் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்தது.

"உண்மையாவே அப்பிடிச் செய்யினமோ? ஒரு நாடகத்தைப் பாத்திட்டு ஒரு பிள்ளையை மறிக்கினமோ? இதைத்தான் நாங்கள் ரண்டாம் பகுதியில எடுக்கவேணும். டிலுசாவையே கதைக்க விடுவம். அவவின்ர சொந்த வாயால."

அவருடைய தேத்தண்ணியை அவர் மடியிலேயே ஊற்ற என் கை எழும்பியது. ஊற்றாமல் வந்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை. இனி உங்களுக்கு ஒரு சொல்லும் எழுதமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் நாடகம் ரிவியில் போனது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, எல்லா இடமும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டிலிருந்து ஒருவரும் பூசைக்குப் போகவில்லை. வின்சன் அண்ணை ஒரு பேணி கறுப்புப் பெயின்ற் வாங்கிக்கொண்டு வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"வேண்டாம் அப்பா," என்றாள் டிலுசா. "இப்பப் பூசினா, ஒளிக்கிறம் எண்டெல்லோ சொல்லுவினம்."

"பின்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

அவளுக்கும் தெரியவில்லை. புனிதமக்கா குசினிக்குள் அடுப்படியில் இருந்து, "நாளையில இருந்து நீ வாசல் தாண்டத் தேவையில்லை. மாமாவுக்குச் சொல்லியாச்சு," என்றாள். வெள்ளிக்கிழமைவரை மகளின் சட்டைக்கு நீலம் போட்ட அதே தாய்தான் அப்படிச் சொன்னாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. கிணற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போன இடத்தில் பெண்கள் பேச்சை நிறுத்தியதை அவள்தானே வாங்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை விடிய ஒழுங்கையில் சைக்கிள் மணிகள் கேட்டன. எட்டிப் பார்த்தேன். டிலுசாவின் வகுப்புப் பெட்டைகள் எல்லாரும் வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக வேலிப் படலை வாசலில் நின்றார்கள். நிதர்சனா முன்னால் வந்தாள்.

"மாமி, டிலுசாவின்ர சைக்கிளைத் தாங்கோ. இண்டைக்கு அதை நான் ஓடுறன். அவள் என்ர சைக்கிளில வரட்டும். நாளைக்கு வேற ஆள் ஓடும். நாங்கள் எல்லாரும் மாறி மாறி ஓடப் போறம். ஆற்ற சைக்கிள் எங்க நிக்குது எண்டு ஊர் இனி எண்ணிக்கொண்டிருக்கட்டும்."

"விசர்க் கதை கதையாதை. உன்ர அப்பா உன்னை முறிச்சுப்போடுவார்," என்றாள் புனிதமக்கா.

"முறிக்கட்டும்."

புனிதமக்கா உள்ளே போய், மினுக்கின சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அனுப்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதை ஞாயிற்றுக்கிழமை துவைத்து மினுக்கியிருக்கிறாள்.

வின்சன் அண்ணை அன்றைக்கு மீன் கொண்டுபோகவில்லை. ஆனாலும் டிலுசா வழக்கம்போலக் கரியலைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துத்தான் நிதர்சனாவிடம் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குகதாசன் வானில் வந்து இறங்கினார். கூடவே கமராக்காரப் பெடியன். டிலுசாவோடு கதைக்க வந்தாராம். பெட்டைகள் கூட்டமாகச் சைக்கிளைத் திருப்புவதைக் கண்டதும், "ஓடு, ஓடு, எடு," என்று பெடியனைத் தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதில டிலுசா ஆர்?"

"தெரியாது," என்றேன். எல்லாச் சட்டையும் ஒரே வெள்ளை. அவருடைய தேயிலைச் சாயம் அந்தக் கூட்டத்தில் ஒன்றிலும் இல்லை.

பெட்டைகள் புறப்பட்டார்கள். நிதர்சனா முன்னால் போனாள். நாங்களும் பின்னால் நடந்தோம். ஒழுங்கை கடலிலிருந்து நேரே மேற்கே போய்த் தேத்தண்ணிக் கடையில் முட்டும். காலை வெயில் பெட்டைகளின் முதுகில் அடித்தது. கடை வாசல் வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கு எதிர்வெயில். முகம் தெரியாது, சைக்கிள்தான் தெரியும். அந்த அகலக் கரியலைக் கண்டதும் கொலின்ஸ் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்தவர்களுக்குக் கண்ணைக் காட்டினார்.

"அந்தா, வருகுது. எத்தினையாம் மாதம் எண்டு இப்பக் கேட்டுப்போடுவம்," என்றார் உரத்து.

வாங்கு சிரித்தது. 'அந்தோனியார் துணை' நேரே வந்து கடை வாசலில் நின்றது. நிதர்சனா ஒரு காலைத் தரையில் ஊன்றி, முகத்தில் விழுந்த நிழலோடு கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"நான்தான் அப்பா," என்றாள். "என்ன கேட்டனீங்கள்? வடிவா விளங்கேல்லை."

கொலின்ஸின் கையில் இருந்த பேணியிலிருந்து தேத்தண்ணி அவர் கட்டியிருந்த சாரத்தில் ஊற்றுப்பட்டது. அவர் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. வாங்கில் இருந்தவர்கள் வீதியைப் பார்த்தார்கள். இப்போது ஒருவரும் ஒருவரின் வயிற்றையும் பார்க்கவில்லை.

"கேளுங்கோவன் அப்பா. சத்தமாத்தானே கேட்டனீங்கள்."

டிலுசா நிதர்சனாவின் சைக்கிளில் அவரைக் கடந்து, நேரே பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். கடைசியாக நிதர்சனா பெடலை மிதித்தாள்.

"எடுத்தனியோ? அந்தாளின்ர முகத்தை எடுத்தனியோ?" என்று குகதாசன் பெடியனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதுதானடா உண்மை! தங்கச்சி, இந்தக் காட்சிக்கு நீங்கள்தான் வசனம் எழுதித் தரவேணும்."

நான் அவர் காலடியில் காறித் துப்பினேன். துப்பிவிட்டு, தேசிக்காய் வாங்க அந்தக் கடைக்குள்ளேயே போனேன். நாளைக்கும் அந்தக் கரியலைத் தேய்க்கவேண்டும்.